மறைந்த வேண்டுகோளும் வழுநீக்கமும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு எழுதப்படுமிடத்து, புதியன கண்டோருக்குக் கிடைக்கும் இடம் பழுது பார்த்தோருக்குக் கிடைப்பதில்லை. நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்தியவரின் பெயரைப் பள்ளி மாணவரும் அறிவர். அப்பொறி நின்றபோதெல்லாம் அதனை மீண்டும் இயங்கச்செய்த தொழிலாளரின் பெயர்களை வரலாற்று நூல்கள் பேணவில்லை. கணினித்துறையும் இதற்கு விலக்கன்று. ஆயின் ஒரு பொறியின் உள்ளியல்பு, அது ஒழுங்காக இயங்கும்போது வெளிப்படுவதிலும் பார்க்க, பிழைபடும்போதே தெளிவாக வெளிப்படுகின்றது. ஆகவே பழுதுபார்த்தலின் வரலாறு தொழில்நுட்ப வரலாற்றின் பின்னிணைப்பன்று. அதன் ஒரு திறவுகோல் எனலாம்.

இக்கட்டுரை அத்தகைய ஒரு பழுதுபார்த்தலையே பொருளாகக் கொள்கின்றது. இணையப் பக்கமொன்றை நாம் பார்த்துக்கொண்டிருக்கையில், மேலோடி அல்லது உலாவி எனப்படும் மென்பொருள், நாம் அறியாமலே தொலைவிலுள்ள சேவையகத்துக்கு வேண்டுகோள்களை அனுப்புகின்றது. அனுப்பியபின் மறுமொழிக்காக நின்று காத்திராமல், செய்நிரல் தன் ஏனைய கருமங்களைத் தொடர்கின்றது. மறுமொழி வந்து சேரும்போது அதனைக் கவனிக்கின்றது. அனுப்புதலும் பெறுதலும் ஒரே சீரில் இணைந்து நிகழாமையின் இவற்றை ஒத்திசையா வேண்டுகோள்கள் என்பர். இவற்றில் நேரும் வழுக்களைக் கண்டறிந்து நீக்கும் முறை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. பயனரிடமிருந்து காத்திருப்பை மறைத்த அதே செயல், செய்நிரலாளரிடமிருந்து வழுவையும் மறைத்தது. மறைந்ததனை மீண்டும் கட்புலனாக்கும் முயற்சியாகவே வழுநீக்கம் வளர்ந்தது. அம்முயற்சியின் பேறு செய்நிரலாளருக்கு மாத்திரம் உரியதன்று. இம்மூன்றுமே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்துக்களாகும்.

1

ஜெனீவாவை அண்மித்த சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டு முன்மொழிந்து, 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கச்செய்த உலகளாவிய வலை, அடிப்படையில் ஆவணங்களின் வலையாகும். வாசகர் ஓர் இணைப்பைச் சொடுக்குவார், வேண்டுகோள் செல்லும், முழுப்பக்கம் ஒன்று வந்துசேரும். இடையிலே திரை வெறுமையாகும், வாசகர் காத்திருப்பார். இவ்வொழுங்கில் ஒரு நன்மை இருந்தது. காத்திருப்பு எல்லோர்க்கும் தெரியும் வகையில் நிகழ்ந்தது. பக்கம் கிடைக்காவிடின் 404 என்ற எண்ணும், சேவையகம் பழுதுற்றால் 500 என்ற எண்ணும் திரையிலேயே தோன்றும். வழுவைக் காண்பதற்கு வேறு கருவி வேண்டியதில்லை. பயனரே அதன் முதற்சாட்சியாக இருந்தார்.

1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பக்கத்தினுள்ளேயே செய்நிரல் இயங்க வழிசெய்தது. எனினும் அச்செய்நிரல் சேவையகத்தோடு நேரே உரையாடும் வசதியைத் தொடக்கத்திற் பெற்றிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சட்டகமொன்றைப் பக்கத்துள் ஒளித்துவைத்து அதன் வாயிலாகத் தரவைப் பெறுதல் போன்ற உபாயங்களைச் செய்நிரலாளர் கையாண்டனர். தேவை தோன்றிவிட்டது; அதற்குரிய கருவி இன்னும் தோன்றவில்லை.

அக்கருவி தோன்றிய சூழல் மனங்கொளத்தக்கது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது அலுவலக அஞ்சல் மென்பொருளை மேலோடியினூடாகவும் வழங்க முற்பட்டது. ஒவ்வோர் அஞ்சலையும் திறக்கும்போது முழுப்பக்கமும் மாறுமாயின், மேசைக்கணினியில் நிறுவப்பட்ட மென்பொருளுக்கு அது ஈடாகாது. இத்தேவையின் பொருட்டு அக்குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் ஹொப்மன் எழுதிய சிறு நிரற்கூறே பின்னர் பெரும்புகழ் பெற்றது. அது 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. எக்ஸ்எம்எல் என்னும் தரவு மொழிக்குரிய நூலகத்துடன் சேர்த்து அனுப்பவேண்டியிருந்தமையாலேயே அதன் பெயரிலும் எக்ஸ்எம்எல் இடம்பெற்றது. அம்மொழியோடு அதற்கு இன்றியமையாத் தொடர்பு எதுவுமில்லை. ஒரு தொழில்நுட்பத்தின் பெயர் அதன் இயல்பைக் காட்டிலும் அது பிறந்த நிறுவனத்தின் நிருவாக வசதியைச் சுட்டிநிற்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

2

ஓர் அலுவலகத் தேவைக்காகப் பிறந்த இக்கூறு பொதுவழக்காவதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன. 2002ஆம் ஆண்டு யூன் மாதம் வெளியான மொசில்லா முதற்பதிப்பும், 2004இல் சபாரியும், 2005இல் ஒபெராவும் அதனை ஏற்றுக்கொண்டன. 2004 ஏப்ரலில் அறிமுகமான ஜீமெயிலும், 2005 பெப்ரவரியில் வெளியான கூகிள் வரைபடமும் அதன் ஆற்றலைப் பொதுமக்களுக்குப் புலப்படுத்தின. வரைபடத்தை இழுக்க இழுக்க அடுத்த பகுதி தானாகவே வந்து நிறைந்தது, திரை வெறுமையாகவில்லை. அதே பெப்ரவரி மாதத்தில் ஜெசி ஜேம்ஸ் கரற் எழுதிய கட்டுரையொன்று இம்முறைக்கு ‘அஜாக்ஸ்’ எனப் பெயர் சூட்டியது. நடைமுறை முன்னே செல்ல, பெயர் பின்னே வந்தது. அதனினும் பிந்தியே நியமம் வந்தது: உலகளாவிய வலைச் சங்கம் தனது முதல் வரைவை 2006 ஏப்ரலிலேயே வெளியிட்டது.

இக்காலப்பகுதியின் பொருளியற் பின்னணியையும் நோக்குதல் வேண்டும். நெட்ஸ்கேப்புடனான போட்டி முடிவுற்றதும் மைக்ரோசொப்ட் தன் மேலோடியின் வளர்ச்சியிற் பெரிதும் அக்கறை காட்டவில்லை. ஆறாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006இலேயே வெளிவந்தது. மிகப் பெரும்பாலோர் பயன்படுத்திய கருவி ஐந்தாண்டுகள் தேங்கிநின்ற வேளையிலேதான், அதன்மீது எழுப்பப்பட்ட செயலிகள் பல்கிப் பெருகின. உற்பத்தி வேகமாக வளர்ந்தது. உற்பத்திக் கருவிகளின் பராமரிப்பு பின்தங்கியது. இம்முரண்பாட்டின் சுமை நாள்தோறும் வழுக்களோடு போராடிய செய்நிரலாளரின் தலையிலேயே விழுந்தது.

3

அவ்வழுக்கள் எத்தகையன? அவற்றுள் தலையாயது காலவொழுங்கு பற்றியது. தேடற் பெட்டியொன்றில் ஒருவர் இரண்டு எழுத்துக்களைத் தட்டுகின்றார். முதல் வேண்டுகோள் செல்கின்றது. மூன்றாம் எழுத்தைத் தட்டியதும் இரண்டாம் வேண்டுகோள் செல்கின்றது. இரண்டாவதன் மறுமொழி முந்தி வந்து, முதலாவதன் மறுமொழி பிந்தி வருமாயின், திரையில் எஞ்சுவது பழைய விடையே. செய்நிரலின் எந்த வரியிலும் எழுத்துப்பிழை இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனியே வெற்றிபெற்றுள்ளது. ஆயினும் விளைவு பிழையானது. அனுப்பிய ஒழுங்கிலேயே மறுமொழிகள் வந்துசேரும் என்ற சொல்லாத நம்பிக்கையே இங்கு வழுவாகின்றது.

இது முற்றிலும் புதிய சிக்கலன்று. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பொறிகளுக்கிடையில் எது முன், எது பின் எனத் துணிதல் எளிதன்று என்பதை 1978ஆம் ஆண்டிலேயே லெஸ்லி லம்போட் தமது ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவதானிக்க முற்பட்டதும் மறைந்துவிடும் வழுக்களைப் பற்றி ஜிம் கிறே 1985ஆம் ஆண்டு எழுதினார். குவாண்டம் பௌதிக அறிஞர் ஹைசன்பேர்க்கின் பெயரை ஒட்டி அவற்றுக்கு ‘ஹைசன்பக்’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இவ்வகை வழுவின் விளைவு எப்போதும் அற்பமானதென்று கொள்ளலாகாது. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி 1985க்கும் 1987க்கும் இடையில் வட அமெரிக்காவில் ஆறு நோயாளருக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1986இல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நிகழ்ந்த விபத்துக்களின் காரணம், இயக்குநர் தாம் தட்டிய பதிவை வெகுவிரைவாகத் திருத்தியபோது அத்திருத்தத்தைச் செய்நிரலின் ஒரு பகுதி கவனியாது விட்டமையாகும். தொடக்கத்தில் பொறியை ஆக்கியோரால் அப்பிழையைத் தம் சோதனையில் மீள நிகழ்த்த இயலவில்லை. அம்மருத்துவ நிலையத்தின் பௌதிகவியலாளரும் பொறியை நாள்தோறும் இயக்கியவரும் சேர்ந்து, அதே வேகத்திற் பலமுறை தட்டிப்பார்த்தே அதனை மீண்டும் வெளிப்படுத்தினர். பொறியோடு வாழும் உழைப்பாளியின் கைப்பழக்கம், ஆக்கியோரின் மறுப்பைத் தகர்த்த சான்றாயிற்று. மேலோடியில் நிகழும் வழு உயிர்குடிப்பது அரிது. எனினும் அதன் அமைப்பு இதுவே: காலம் பற்றிய பிழை, மீள நிகழ்த்தப்படும்வரை பிழையென ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை.

4

2005ஆம் ஆண்டளவில் பெரும்பாலான செய்நிரலாளர் கையிலிருந்த கருவி யாது? ‘அலேர்ட்’ என்னும் கட்டளையால் தோன்றும் சிறு அறிவிப்புப் பெட்டியே. செய்நிரலின் இடையிடையே இதனைச் செருகி, ஒரு மாறியின் பெறுமானம் யாதெனக் கேட்டறிவர். ஆயின் அப்பெட்டி திரையில் நிற்கும்வரை செய்நிரல் நகராது. செய்நிரலாளர் அதனை வாசித்து விசையை அழுத்துவதற்குள், வரவேண்டிய மறுமொழி வந்துசேர்ந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடைபெறும். வழு நீங்கிற்று எனக் கருதிப் பெட்டியை அகற்றினாலோ, வழு மீண்டும் தோன்றும். அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டது. கிறே சுட்டிய வழுவகைக்கு இதனினும் சிறந்த நாளாந்த உதாரணம் காண்பது அரிது.

அறியாமையால் நேர்ந்த பிற தடுமாற்றங்களும் பல. ஒரே முகவரிக்குச் செல்லும் வேண்டுகோளுக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் சேமிப்பிலிருந்தே பழைய விடையைத் தந்துவிடும். சேவையகத்தில் தரவு மாறியும் திரையில் மாறாது. முகவரியின் இறுதியில் அவ்வக்கணத்து நேரத்தை எண்ணாக ஒட்டி, ஒவ்வொரு வேண்டுகோளையும் புதியதெனத் தோற்றச்செய்வது அக்கால வழக்கமாயிற்று. பிறிதோர் உதாரணம்: பயனரின் உள்நுழைவுக் காலம் முடிந்தபின் அனுப்பப்படும் வேண்டுகோளுக்குத் தரவுக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கமே மறுமொழியாக வரும். நிலை எண் 200, அதாவது வெற்றி. ஆனால் தரவை எதிர்பார்த்த செய்நிரல், ‘<’ என்ற குறி எதிர்பாராது வந்ததாக முறையிட்டு வீழும். அம்முறையீட்டை மட்டும் வாசிப்பவர் தரவின் இலக்கணத்தில் பிழை தேடிப் பல மணிநேரத்தை வீணாக்குவார். வந்தது தரவே அன்று என்பதைக் கண்ணாற் கண்டவர் கணத்தில் விளங்கிக்கொள்வார். வழுநீக்கம் கூரிய அறிவால் மாத்திரம் நிகழ்வதன்று, காணும் வாய்ப்பால் நிகழ்வது என்பதை இவ்வுதாரணம் உணர்த்துகின்றது.

5

அவ்வாய்ப்பை அளித்த கருவிகளில் 2006ஆம் ஆண்டு ஜனவரியில் ஜோ ஹியூவிற் வெளியிட்ட ‘பயர்பக்’ முதன்மையானது. இதற்கு முன்னரும் கருவிகள் இல்லாமலில்லை. மேலோடிக்கும் சேவையகத்துக்கும் இடையில் நின்று போக்குவரத்தைப் பதிவுசெய்யும் ‘சார்ள்ஸ்’, ‘பிட்லர்’ ஆகியன ஏலவே இருந்தன. ஆயின் அவை மேலோடிக்குப் புறத்தே நின்றன. பயர்பக் அதன் உள்ளேயே அமர்ந்தது. பக்கம் அனுப்பிய ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு வரியாகத் தோன்றியது. அதனை விரித்தால் அனுப்பிய தலைப்புகள், வந்த மறுமொழி, நிலை எண் ஆகியன தெரிந்தன. வேண்டுகோள்கள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தன என்பதைக் கிடைக்கோடுகள் காட்டின. பிந்தி அனுப்பியது முந்தி வந்தமையை இப்போது கண்ணாற் காணலாம். காலம் வெளியாக விரிக்கப்பட்டது. செய்நிரலை நிறுத்தாமலே அதனை நோக்கும் வசதி இதனாற் கிட்டியது.

இக்கருவி திறந்த மூலமாகப் பகிரப்பட்டது; பின்னர் தன்னார்வலர் குழுவொன்றால் பேணப்பட்டது. அதன் பயன் தெளிவானதும் பெருநிறுவனங்கள் அதே வகைக் கருவிகளைத் தம் மேலோடிகளிலேயே அமைத்துக்கொண்டன. 2008 செப்டெம்பரில் வெளியான குரோம் அத்தகைய கருவியோடு வந்தது. 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பும் அவ்வழிச் சென்றது. பயர்பொக்ஸ் தானும் உட்கருவிகளை வளர்த்துக்கொண்டபின், 2017இல் பயர்பக் தனிக்கருவியாகத் தொடர்வது நின்றது. இதனை வெறும் தோல்வியாகவோ வெறும் வெற்றியாகவோ கொள்ளல் பொருந்தாது. பொதுவில் ஆக்கப்பட்ட உழைப்பு நிறுவனங்களின் உடைமைக்குள் உள்வாங்கப்பட்டது உண்மை. அதே வேளை, அவ்வுள்வாங்கலாலேயே ஒவ்வொரு மேசைக்கணினி மேலோடியிலும் விலையின்றிக் கிடைக்கும் வசதியாக அது நிலைபெற்றது என்பதும் உண்மை.

இக்கருவி தொழிலுறவுகளையும் மாற்றியது. பக்கத்தை எழுதுபவரும் சேவையகத்தைப் பேணுபவரும் வேறுவேறாகிவிட்ட தொழிற்பிரிவில், பழி யாரைச் சாரும் என்பது ஓயாத வழக்காயிருந்தது. ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்திலிருந்து தரவைப் பெற முற்படும்போது, அதற்கு அத்தளம் வெளிப்படையாக இசையாவிடின் மேலோடி மறுமொழியைச் செய்நிரலுக்குக் கொடாது. இவ்விசைவை உணர்த்தும் முறைக்குரிய நியமம் 2014இல் உறுதியாயிற்று. இத்தகைய வேளையில் சேவையகத்தின் பதிவேடு வெற்றி என்றே கூறக்கூடும். பக்கமோ தோல்வி என்னும். இருவரும் உண்மையே பேசுகின்றனர். பிழை அவர்களுக்கிடையிலுள்ள எல்லையில் இருக்கின்றது. வேண்டுகோளையும் மறுமொழியையும் ஒரே சாளரத்தில் இருவரும் காணக்கூடியபோது, வாதம் சான்றுக்கு வழிவிட்டது.

காணும் கருவிகள் வளர்ந்தவாறே மொழியும் வளர்ந்தது. மறுமொழி வரும்போது செய்யவேண்டியதை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எழுதிய காலத்தில், வழு எங்கிருந்து தொடங்கிற்று என்ற சுவடே அழிந்துவிடும். பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 1988ஆம் ஆண்டு ‘வாக்குறுதி’ என்ற பெயரில் முன்வைத்த கருத்தாக்கம், 2015ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்டின் நியமத்தில் இடம்பெற்றது. 2017இன் நியமம் காத்திருத்தலை நேர்கோட்டு உரைநடைபோல எழுத வழிசெய்தது. எனினும் எழுத்து நேர்கோடாயினும் நிகழ்வு நேர்கோடன்று. புதிய ‘பெச்’ முறையில் 404, 500 என்னும் மறுமொழிகளுங்கூடத் தோல்வியாகக் கொள்ளப்படுவதில்லை. மறுமொழி வந்ததே போதுமெனக் கொள்ளப்படுகின்றது. நிலை எண்ணைச் செய்நிரலாளரே சோதித்தல் வேண்டும். மறந்தவர்க்கு வழு அமைதியாகவே நிகழும். இலகுவாக்கிய ஒவ்வொரு கருவியும் எதனையோ புதிதாக மறைக்கின்றது என்பதே இதனாற் பெறப்படுவது.

6

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வழு எவ்விடத்தில் எவரால் உணரப்படுகின்றது என்பது பற்றியது. செய்நிரலாளரின் மேசையில், சேவையகமும் மேலோடியும் ஒரே கணினியில் இயங்குகையில், மறுமொழிகள் ஏறத்தாழ உடனே வந்துவிடுகின்றன. ஒழுங்கும் பெரும்பாலும் பிறழ்வதில்லை. தொலைவிலுள்ள, மெதுவான இணைப்பையுடைய, பழைய கருவியைக் கையாளும் பயனரிடமே காலவழுக்கள் வெளிப்படுகின்றன. 2015 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம், தன் ஊழியர் விரும்பின் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணிநேரம் இரண்டாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பின் வேகத்தில் தம் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என ஏற்பாடு செய்தது. உலகின் பெரும்பகுதியினரின் நாளாந்த அனுபவம், மையத்தில் இருப்போருக்கு ஒரு பயிற்சியாக அளிக்கப்படவேண்டியிருந்தது. வலையின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துச் சோதிக்கும் வசதி இன்று மேலோடிகளிலேயே உண்டு. அதனைப் பயன்படுத்துதல் வெறும் தொழில்நுட்ப ஒழுக்கமன்று. விளிம்பில் இருப்பவரின் நிலையிலிருந்து பொறியை நோக்கும் ஒழுக்கமுமாகும்.

இரண்டாவது முடிபு முன்னதினும் முக்கியமானது. காத்திருப்பை மறைப்பதற்காகப் பிறந்த மறைவான வேண்டுகோள், காலப்போக்கில் வேறு கருமங்களையும் மறைத்துச் செய்யலாயிற்று. வாசகர் எதனை நோக்குகின்றார், எவ்வளவு நேரம் நிற்கின்றார், எங்கே சொடுக்குகின்றார் என்ற செய்திகளை மூன்றாந் தரப்பினருக்கு அனுப்புவதும் இதே முறையினாலேயே. பயனரின் வசதிக்கென அகற்றப்பட்ட திரை, பயனரையே கண்காணிக்கும் திரையாயிற்று. ஆயின் வழுநீக்குவோருக்கென ஆக்கப்பட்ட சாளரம் எவர்க்கும் திறந்திருக்கின்றது. மேசைக்கணினியில் ஒரு விசையை அழுத்தி, தாம் வாசிக்கும் பக்கம் எவ்வெம் முகவரிகளுக்கு எதனை அனுப்புகின்றது என்பதைச் சாதாரண வாசகரும் நேரிற் காணலாம். இணையக் கண்காணிப்பை ஆராய்வோருக்கும் இச்சாளரம் சான்றளிக்கும் கருவியாகப் பயன்படுகின்றது.

கைபேசிச் செயலிகளில் நிலைமை வேறு. அவை அனுப்பும் வேண்டுகோள்களின் உள்ளடக்கத்தைப் பயனர் எளிதிற் காணத்தக்க அத்தகைய சாளரம் பொதுவாக இல்லை. இடையில் நின்று நோக்க முயல்வோரையும் பல செயலிகள் தடுக்கின்றன. மக்கள் மேலோடியிலிருந்து செயலிக்குப் பெயருந்தோறும், கால் நூற்றாண்டு உழைப்பினாற் கிட்டிய இக்காட்சி உரிமை ஓசையின்றிச் சுருங்குகின்றது. தடுப்பதற்குக் கூறப்படும் காரணம் பாதுகாப்பு. அக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. வழியில் நின்று களவாடுவோர் உளர். ஆயினும் களவாடுவோரிடமிருந்து மூடப்படும் கதவு உரிமையாளருக்கும் மூடப்படுமாயின், அது எவருடைய பாதுகாப்பு என்ற வினா எழுதல் தவிர்க்கவியலாதது.

அறிவிப்புப் பெட்டியைச் செருகி விழித்திருந்தோரும், கிடைக்கோடுகளை வரைந்து காலத்தைக் காட்டியோரும், தம் அன்றாட வேலை முடிவதற்கு அப்பால் எதனையும் நாடியிருக்கவேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்றது ஒரு தொழிற்கருவி மாத்திரமன்று; பொறி நம் பெயரால் எதனைச் செய்கின்றது என்பதைக் காணும் வழியுமாகும். அவ்வழியைப் பேணுதல் செய்நிரலாளரின் கடமையாக மட்டும் விடப்படின் அது நிலைக்காது. அதனைப் பயன்படுத்தக் கற்கும் வாசகர் பெருகுமளவிலேயே அது நிலைபெறும்.